வாசற் சாவி யார் கையில்?

2025ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 14ஆம் திகதி உலகெங்கும் கோடிக்கணக்கான கணினிகளுக்கு முதுமைப் பட்டம் சூட்டப்பட்டது. அவற்றின் பாகங்களில் எந்தப் பழுதும் நேர்ந்துவிடவில்லை. முதல் நாள் எப்படி இயங்கினவோ அப்படியேதான் மறுநாளும் இயங்கின. ஆயினும், விண்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமைக்கு இனி வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் கிடையா என்று மைக்ரோசொப்ட் கம்பனி முன்னரே குறித்து வைத்திருந்த நாள் அது. அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11க்குப் போகலாமே என்றால், அதற்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், 2017ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் அதன் பின்னும் வந்த தலைமுறைச் செயலியும் வேண்டும் என்பது கம்பனியின் நிபந்தனை. வீட்டுப் பாவனையாளர் பணம் கட்டியோ, கம்பனியின் கணக்கிலே தம்மைப் பதிந்து அதன் நிபந்தனைக்கு உடன்பட்டோ, மேலும் ஓராண்டுத் தவணை பெற்றுக்கொள்ளலாம் என்று ஒரு சலுகையும் அறிவிக்கப்பட்டது. கடன்காரனுக்குத் தவணை கொடுப்பதை நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். பொருளை முழு விலை கொடுத்து வாங்கியவனுக்கே தவணை கொடுக்கும் புதுமையை இப்போதுதான் காண்கிறோம்.

இது அமெரிக்கக் கம்பனி விவகாரம், ஹெவ்லொக் டவுனில் இருக்கும் நமக்கு என்ன என்று கேட்பவர் உளராயின், அவர் தமது வீட்டு மேசையை ஒருமுறை திரும்பிப் பார்ப்பாராக. கொழும்பு 5இன் ஒழுங்கைகளிலும், அதை அடுத்த வெள்ளவத்தையின் தொடர்மாடிகளிலும், நகரின் மறுகோடியில் கொட்டாஞ்சேனை வீடுகளிலும் மேசைமேல் இருக்கும் கணினி அநேகமாக ஒரு குடும்பத்தின் நெடுநாட் சேமிப்பு. பிள்ளையின் உயர்தரப் பரீட்சைக்காக வாங்கியது. ஆசிரியையான தாய் வினாத்தாள் தட்டெழுதுவது. கடல் கடந்து போன உறவினரின் முகம் பார்ப்பது. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக நமது அரசாங்கம் அறிவித்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயைத் தாண்டியது. அந்த அடியிலிருந்து சம்பளப் பட்டியல் இன்னமும் நிமிரவில்லை. இத்தகைய குடும்பத்தைப் பார்த்து, ‘உன் கணினி பழையது, புதிதாக வாங்கு’ என்று சொல்வது ஆலோசனையன்று, கட்டளை.

இக்கட்டளைக்கு நாம் கூறும் மறுமொழி மிக எளியது. அந்தக் கணினியை எறியவேண்டாம். உள்ளே இருக்கும் விண்டோசைக் கூட உடனே அழிக்கவேண்டாம். அதன் பக்கத்தில் லினக்ஸ் என்னும் இன்னொரு பணிசெயல் முறைமையையும் குடியேற்றுங்கள். ஒரு கணினி, இரண்டு முறைமை. ஆளியைத் தட்டியதும், ‘எதைத் திறக்கட்டும்?’ என்று இயந்திரம் உங்களைக் கேட்கட்டும். நீங்கள் சொல்லுங்கள், அது கீழ்ப்படியட்டும். இதை ஓய்வுநாட் பொழுதுபோக்காகவே பலர் கருதுகின்றனர். நாம் அப்படிக் கருதவில்லை. இது உடைமை பற்றிய வழக்கு.

பணிசெயல் முறைமை என்பது யாது? தமிழகத்தார் இதனை இயங்குதளம் என்பர். கணினியின் செயலி, நினைவகம், வன்தட்டு, திரை, விசைப்பலகை ஆகிய யாவற்றையும் மேய்த்து, நாம் பயன்படுத்தும் ஏனைய மென்பொருள்களுக்கு இடமும் நேரமும் பங்கிட்டுக் கொடுப்பது அது. வன்தட்டை இரண்டு மூன்று பிரிவுகளாக வகுத்து, பிரிவுக்கொரு முறைமையை நிறுவலாம். ஆளியைத் தட்டிய கணத்தில் எந்தப் பிரிவை எழுப்புவது என்று தீர்மானிப்பது ஒரு சிறு நிரல். அதனைத் துவக்க ஏற்றி என்பர். அதுவே வீட்டின் தலைவாசல். உள்ளே எத்தனை அறை இருந்தாலும், தலைவாசலின் சாவி எவன் கையில் இருக்கிறதோ அவனே வீட்டுக்காரன்.

சாவி பற்றிப் பேசும்போது ஹெவ்லொக் வீதியின் பழைய கதை ஒன்றை நினைவுகூராமல் இருக்க முடியாது. இன்று ஹெவ்லொக் சிற்றி என்ற பெயரில் வானளாவிய அடுக்குமாடிகள் எழுந்து நிற்கும் நிலத்தில்தான் ஒருகாலத்தில் வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை இயங்கியது. 1933ஆம் ஆண்டு அவ்வாலையின் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுடைய சங்கத்தின் தலைமையை ஏற்றவர் கொல்வின் ஆர். டி சில்வா. இரண்டு ஆண்டுகளின் பின் லங்கா சமசமாஜக் கட்சியை நிறுவியவர்கள் அந்தப் போராட்டத்திலேயே பாடம் படித்தார்கள். அன்று தறியை இயக்கியவன் தறிக்கு உரியவன் அல்லன். ஆனால் அவன் தறிக்கு விலை கொடுக்கவுமில்லை. அது முதலாளியின் தறி என்பது அவனுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். நமது நிலை அதனினும் விசித்திரமானது. நாம் இயந்திரத்துக்கு விலை கொடுக்கிறோம். அதற்குள் அடைத்துத் தந்த மென்பொருளுக்கும், கேட்டாலும் கேளாவிட்டாலும், அந்த விலைக்குள்ளேயே கப்பம் கட்டுகிறோம். கட்டியபின்னும், அது எப்போது கிழடாகும் என்று வேறொருவன் தீர்ப்பளிக்கிறான். விலை நம்முடையது, ஆணை அவனுடையது!

‘இதெல்லாம் மிகைப்பட்ட பேச்சு. வாசலை யார் பூட்டினார்கள்? விரும்பியவர் விரும்பியதை நிறுவிக்கொள்ளத்தானே செய்கிறார்கள்?’ என்று சாந்த சொரூபிகள் கேட்கக்கூடும். அவர்களுக்காகச் சில பழைய ஏடுகளைப் புரட்டுவோம்.

1994ஆம் ஆண்டுவரை மைக்ரோசொப்ட் கம்பனி கணினி உற்பத்தியாளருடன் செய்துகொண்ட ஒப்பந்தங்களில் ஒருவகை இருந்தது. உற்பத்தியாளர் விற்கும் ஒவ்வொரு செயலிக்கும் மைக்ரோசொப்ட்டுக்குப் பணம் கட்டவேண்டும். அந்தக் கணினியில் மைக்ரோசொப்ட்டின் முறைமை இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. கடைக்காரனிடம் தேங்காய் வாங்கினாலும் மாங்காய்க்காரனுக்கு வரி! அமெரிக்க நீதித் திணைக்களம் தலையிட்ட பின்னரே அம்முறை கைவிடப்பட்டது. 1999 நவம்பரில், வேறொரு வழக்கிலே, நீதிபதி தோமஸ் பென்ஃபீல்ட் ஜக்சன் இக்கம்பனி தனிநபர்க் கணினி முறைமைச் சந்தையில் ஏகபோக வலிமை உடையது என்று தமது தீர்மானத்தில் பதிவு செய்தார்.

வாசல் பற்றிய நேரடிச் சாட்சி இதனினும் கூர்மையானது. 1990களின் பிற்பகுதியில் ‘பீ’ என்னும் சிறு கம்பனியொன்று பீ.ஓ.எஸ். என்ற பணிசெயல் முறைமையை உருவாக்கியது. யப்பானின் ஹிட்டாச்சி நிறுவனம் தனது கணினி வகையொன்றில் விண்டோசையும் பீ.ஓ.எஸ்.ஐயும் சேர்த்தே நிறுவி விற்க முன்வந்தது. நாம் இங்கே பேசுகின்ற இரட்டை முறைமை, தொழிற்சாலையிலேயே தயாராகி வந்தது. ஆனால் வாங்கியவன் ஆளியைத் தட்டியபோது திரையிலே தோன்றியது விண்டோஸ் மாத்திரமே. மைக்ரோசொப்ட்டின் உரிம ஒப்பந்தம் வேறொரு முறைமையின் பெயரைத் துவக்கத் திரையில் காட்ட இடந்தரவில்லை என்பது பீ கம்பனியின் குற்றச்சாட்டு. பீ.ஓ.எஸ். வன்தட்டிலே இருந்தது, வாசலிலே இல்லை. விருந்தாளி வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். அவன் இருக்கும் அறைக்குக் கதவு இல்லை! அதனை வெளிக்கொணரப் பாவனையாளன் தனியாக வழிகேட்டு அலையவேண்டியிருந்தது. பீ கம்பனி நலிந்தது. 2001இல் அதன் உடைமைகள் விற்கப்பட்டன. 2002இல் அது தொடுத்த வழக்கு 2003இல் சமரசமாக முடிந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே மைக்ரோசொப்ட் 2 கோடியே 32½ இலட்சம் டொலர் கொடுத்தது. கம்பனியைப் புதைத்த பின் கல்லறைக்குப் பணம் கட்டுவது ஏகபோகத்துக்கு ஒரு பொருட்டன்று.

அடுத்தது 2012. விண்டோஸ் 8 வெளிவந்தபோது, விண்டோஸ் முத்திரை பெறவிரும்பும் புதிய கணினிகளில் ‘செக்யூர் பூட்’ எனும் காவல் முறை கட்டாயமாக்கப்பட்டது. கையொப்பமிட்ட துவக்க ஏற்றி மட்டுமே எழும்பலாம், மற்றவை தடுக்கப்படும். தீய நிரல்களைத் தடுப்பது இதன் நோக்கம். அந்த நோக்கத்தில் நியாயம் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கையொப்பமிடும் முத்திரை மோதிரம் எவன் விரலில் இருக்கிறது? மைக்ரோசொப்ட்டின் விரலில். லினக்ஸ் முறைமைகள் இக்காவலைக் கடப்பதற்கு ‘ஷிம்’ எனும் சிறு நிரலை எழுதி, அதற்குப் போட்டியாளனிடமே கையொப்பம் பெறவேண்டியதாயிற்று. விரும்பினால் பாவனையாளன் இக்காவலை நிறுத்திக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு முதலில் உற்பத்தியாளருக்குக் கட்டாயமாக இருந்தது. 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது அந்தக் கட்டாயமும் நீக்கப்பட்டு உற்பத்தியாளரின் விருப்பத்துக்கு விடப்பட்டது. கதவு மெல்ல மெல்லத்தான் சாத்தப்படும்; ஓசை கேட்கும்போது தாழ் விழுந்திருக்கும்.

இறுதியாக, அண்மைச் சம்பவம். 2024 ஓகஸ்ட் 13ஆம் திகதி வெளியான விண்டோஸ் பாதுகாப்புத் திருத்தமொன்று, இரட்டை முறைமை நிறுவிய பல கணினிகளில் லினக்ஸ் எழும்பவிடாமல் தடுத்துவிட்டது. இரட்டை முறைமைக் கணினிகளுக்கு இத்திருத்தம் பொருந்தாது என்று கம்பனி கூறியிருந்தது. ஆனால் சில கணினிகளை அவ்வாறு இனங்காண அது தவறிவிட்டது. தற்காலிகப் பரிகாரம் சில நாட்களிலே சொல்லப்பட்டது. நிரந்தரத் திருத்தம் 2025 மே மாதத்தில்தான் வந்தது. இது சதி என்று நாம் சொல்லவில்லை. கவனக்குறைவு என்றே வைத்துக்கொள்வோம். ஒருவனுடைய கவனக்குறைவு உலகெங்கும் உள்ள அயல்வீட்டார் வாசல்களை ஒரே நாளில் அடைக்கவல்லது என்றால், அந்த அதிகாரம் அவன் கையில் இருப்பதுதானே பிரச்சினை?

இனி நம்மவரிடையே வழங்கும் மறுப்புகளைப் பார்ப்போம்.

முதலாவது மறுப்பு: ‘இலவசமாகக் கிடைப்பது தரமாக இருக்குமா?’ இது சந்தை நமக்குள் விதைத்த மூடநம்பிக்கை. உலகின் மிக வேகமான 500 மீக்கணினிகள் எவையென ஆண்டுக்கு இருமுறை ஒரு பட்டியல் வெளியாகிறது. 2017 நவம்பரிலிருந்து அப்பட்டியலில் உள்ள 500உம் லினக்சிலேயே இயங்குகின்றன. நமது சட்டைப் பைகளில் இருக்கும் ஆண்ட்ரொய்ட் தொலைபேசியின் கருவும் லினக்ஸே. அது பிறந்த கதையோ ஆசிரியர்களும் மாணவர்களும் கொண்டாடத்தக்கது. பேராசிரியர் ஆண்ட்ரூ டனன்போம் மாணவருக்குக் கற்பிப்பதற்காக 1987இல் மினிக்ஸ் என்னும் சிறிய முறைமையை எழுதினார். ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் 21 வயது மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், மினிக்ஸ் நிறுவிய தமது வீட்டுக் கணினியிலேயே 1991இல் லினக்சின் கருவை எழுதினார். 1983இலேயே ரிச்சர்ட் ஸ்டோல்மன் தொடங்கிவைத்த குனூ திட்டத்தின் கருவிகள் அதனோடு சேர்ந்தன. எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். திருத்தியதைப் பகிர்ந்தால் அதே உரிமையையும் சேர்த்துப் பகிரவேண்டும் என்ற உரிமத்தின் கீழ் 1992இல் லினக்ஸ் வந்தது. ஆசிரியரின் பாடநூலிலிருந்தும் மாணவனின் வீட்டுக் கணினியிலிருந்தும் பிறந்த ஒன்றை ஆசிரியரும் மாணவரும் இழிவாகப் பார்ப்பது என்ன நியாயம்?

இரண்டாவது மறுப்பு, நம் முற்போக்கு நண்பர்களிடமிருந்தே வருகிறது. ‘நாம் விண்டோசுக்குப் பணமே கட்டுவதில்லையே! களவுப் பிரதிதானே பாவிக்கிறோம். இதுவும் ஏகபோகத்துக்கு எதிரான போராட்டந்தான்’ என்று கண்சிமிட்டுகிறார்கள். இவ்வளவு மலிவான புரட்சி உலகில் வேறெங்கும் நடந்ததில்லை! 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்கீழ் இது குற்றம் என்பது ஒருபுறமிருக்க, இதன் பொருளாதாரத்தைச் சிந்தியுங்கள். 1998இல் வோஷிங்டன் பல்கலைக்கழகக் கூட்டமொன்றில் பில் கேட்ஸ் சீனாவைப் பற்றிப் பேசுகையில், திருடுவதானால் எங்களுடையதையே திருடட்டும், பழகிப்போவார்கள், பணம் வசூலிக்கும் வழியைப் பின்னர் கண்டுகொள்வோம் என்ற கருத்தை வெளிப்படையாகவே கூறினார். களவுப் பிரதி ஏகபோகத்தின் எதிரி அன்று. சம்பளமில்லாத விளம்பர ஊழியன். களவாடியவனும் அதே விசைகளைத்தான் பழகுகிறான், அதே கோப்பு வடிவத்தில்தான் எழுதுகிறான்; நாளை அலுவலகத்தில் அமர்ந்ததும் அதே பொருளைத்தான் வாங்கச் சொல்கிறான். போதாததற்கு, காவல் உடைத்த பிரதியோடு சேர்ந்து எந்த நச்சு நிரல் வீட்டுக்குள் நுழைகிறது என்பதும் அவனுக்குத் தெரியாது.

மூன்றாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது. ‘இரண்டு முறைமை எதற்கு? அது சமரசவாதம். விண்டோசை அடியோடு அழித்துவிட்டு லினக்சை மட்டும் நிறுவுக’ என்பர் தூய்மைவாதிகள். இலட்சியத்தில் அவர்களோடு நமக்குப் பிணக்கில்லை. ஆனால் மனிதர் வெற்றுத் தாளில் வாழ்வதில்லை. பேஜ்மேக்கரில் பக்கம் அமைத்த பாடசாலை மலர்கள், பாமினி எழுத்துருவில் தட்டெழுதிப் பத்தாண்டாகச் சேர்த்த வினாத்தாள்கள், விண்டோசில் மாத்திரம் இயங்கும் கணக்கு மென்பொருள் என்று ஒரு வாழ்நாளின் உழைப்பு பழைய அறையில் கிடக்கிறது. அதற்குத் தீ வைத்துவிட்டு வா என்றால், எவரும் வரமாட்டார். இரட்டை முறைமை என்பது பாலம். பாலத்தில் குடியிருக்க வேண்டியதில்லை. ஆனால் பாலமின்றி அக்கரை சேர்வார் சிலரே. இப்போது அதற்கு நடைமுறைக் காரணமும் ஒன்று சேர்ந்திருக்கிறது. பாதுகாப்புத் திருத்தம் கிடைக்காத விண்டோஸ் 10ஐ இணையத்தொடர்பின்றிப் பழைய கோப்புகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, இணையம், வங்கி, கடிதப் போக்குவரத்து யாவற்றையும் லினக்சில் செய்வதே அறிவுடைமை.

நான்காவது மறுப்பு: ‘எங்களுக்கு இது முடியாது, இது நிபுணர் வேலை.’ எவனுடைய ஏகபோகமும் இந்த ஒரு வாக்கியத்தின்மேல்தான் நிற்கிறது. ஆகவே வேலை என்னவென்று சொல்லிவிடுவோம். முடியுமா முடியாதா என்று வாசகரே தீர்மானிக்கட்டும்.

முதலில், முக்கியமான கோப்புகள் யாவற்றையும் வெளி வன்தட்டில் பிரதி எடுங்கள். இந்த ஒரு படியைத் தவிர்ப்பவன் மட்டுமே பின்னர் அழுவான். விண்டோஸ் தனது வன்தட்டை பிட்லொக்கர் முறையில் பூட்டியிருந்தால், அதன் 48 இலக்க மீட்புச் சாவியை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து, விண்டோசின் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ வசதியை நிறுத்துங்கள். அது இருக்கும்வரை விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை. அரைத்தூக்கத்தில் தட்டைப் பற்றிக்கொண்டே கிடக்கும். பின், விண்டோசிலேயே உள்ள தட்டு மேலாண்மைக் கருவியினால் அதன் பிரிவைச் சுருக்கி வெற்றிடம் உண்டாக்குங்கள். லினக்ஸ் மின்ட் போன்ற முறைமைக்குக் குறைந்தது 20 கிகாபைட் வேண்டும். 100 இருந்தால் வசதி. நினைவகம் 4 கிகாபைட் இருந்தால் வேலை நடக்கும். அம்முறைமையின் கோப்பை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி, பென் டிரைவ் ஒன்றில் எழுதி, அதிலிருந்தே கணினியை எழுப்புங்கள். வன்தட்டைத் தொடாமலே லினக்ஸ் திரையில் தோன்றும். வை-ஃபை, ஒலி, அச்சுப்பொறி எல்லாம் சரியா என்று அங்கேயே சோதித்துப் பார்க்கலாம். திருப்தியானால், ‘விண்டோசுக்குப் பக்கத்தில் நிறுவு’ என்ற தெரிவைத் தேர்ந்தெடுங்கள். பழைய கணினியிலும் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

முடிந்தபின் ஒரு வேடிக்கை காண்பீர்கள். முறைமை மாறி மாறி நுழையும்போது கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பிசகும். பேய் பிசாசன்று. விண்டோஸ் உள்ளூர் நேரத்தைக் கணினியின் கடிகாரத்தில் எழுதுகிறது. லினக்ஸ் சர்வதேச நேரத்தை எழுதுகிறது. இலங்கைக்கும் அதற்கும் இடைவெளி ஐந்தரை மணி. லினக்சில் ஒரு கட்டளை கொடுத்தால் இருவரும் ஒத்துப்போவர். எப்போதாவது விண்டோசின் பெரிய திருத்தம் ஒன்று துவக்கப் பட்டியலை மறைத்துவிடவும் கூடும்; அப்போது கணினியின் அடிப்படை அமைப்பிலே லினக்சை மீண்டும் முதலிடத்தில் வைக்கவேண்டும். அந்தப் பென் டிரைவை மேசை அறையிலேயே வைத்திருங்கள். இவ்வளவுதான் நிபுணத்துவம். உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கும் பிள்ளைக்கு இது ஒரு மாலை வேலை.

இவ்விடத்தில் மொழியைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். லினக்சிலும் தமிழ் உண்டு, விண்டோசிலும் தமிழ் உண்டு என்பது உண்மை. வேறுபாடு உரிமையில் இருக்கிறது. க்னோம், கே.டி.ஈ., லிப்ரே ஒஃபிஸ் ஆகியவற்றின் தமிழ் இடைமுகம் தொண்டர்களின் உழைப்பு. அங்கே ஒரு சொல் பிழையாயிருந்தால், நமது பாடநூற் சொல்லாகிய ‘பணிசெயல் முறைமை’ இடம்பெறவேண்டும் என்று நாம் கருதினால், மொழிபெயர்ப்புக் குழுவிலே சேர்ந்து வாதாடித் திருத்தலாம். தமிழ்99 விசைப்பலகையும், நம்நாட்டு ரெங்கநாதன் விசைப்பலகையும் அங்கே கிடைக்கின்றன. கம்பனியின் தமிழிலோ, விண்ணப்பம் செய்யலாம். அவர்கள் மனமிரங்கக் காத்திருக்கலாம்.

விண்ணப்பமும் காத்திருப்பும் இந்நாட்டுத் தமிழருக்குப் புதியன அல்ல. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் விவாதிக்கப்பட்டபோது, ஒரு மொழியைத் திணித்தால் நாடு இரண்டாகும் என்று எச்சரித்தவர், முன்பு வெள்ளவத்தை ஆலைத் தொழிலாளரை வழிநடத்திய அதே கொல்வின். 1972இல் அமைச்சராயிருந்து அரசியலமைப்பை ஆக்கியபோது, சிங்களமே அரசகரும மொழி என்பதை அதிலே பொறித்தவரும் அவரே. 1987இல் 13ஆம் திருத்தம் தமிழும் ஓர் அரசகரும மொழியாகும் என்றது. ஆனால் அரசாங்கக் கருமபீடத்தில் நிற்கும் தமிழன் கையில் இன்றும் சிங்களப் படிவம் வந்து விழுவதை நாம் அறிவோம். உரிமை சட்டப் புத்தகத்தில் இருக்கிறது; கருமபீடத்தில் இல்லை. ஹிட்டாச்சிக் கணினியில் இரண்டாவது முறைமை தட்டில் இருந்தது, வாசலில் இல்லை என்றோமே, அந்த அநீதியின் இலக்கணமும் இதுவேதான். சமத்துவம் என்பது உள்ளே எங்கோ இடம் ஒதுக்குவதன்று. முதற்றிரையிலே இரு பெயரையும் எழுதுவது.

கல்விக்கூடங்களுக்கு வருவோம். 2011 செப்டெம்பரில் தமிழக அரசு மாணவருக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, அவற்றிலே விண்டோசும், இந்தியாவில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்சும் இரட்டை முறைமையாகவே இருந்தன. நல்ல தொடக்கம். ஆனால் ஆசிரியன் திறந்து காட்டாத அறையை மாணவன் திறக்கமாட்டான். அயலிலுள்ள கேரளம் வேறு வழியைக் கைக்கொண்டது. 2000களின் நடுப்பகுதியிலிருந்து அரச பாடசாலைகளின் கணினிக் கல்வியையே கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றி, ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்து, பரீட்சையையும் அதிலேயே நடத்தியது. வன்தட்டில் பிரிவு ஒதுக்குவதோடு நின்றுவிட்டால் போதாது. பாடத்திட்டத்திலும் பிரிவு ஒதுக்கவேண்டும் என்பதே அப்படிப்பினை.

நமக்கோ பாடத்திட்டம் பாதி வழி வந்து நிற்கிறது. உயர்தரத் தகவல் தொழினுட்பப் பாடத்தில் நம் மாணவர் கற்கும் பைதன், பி.எச்.பி., மைஎஸ்கியூஎல் யாவும் கட்டற்ற மென்பொருள் உலகத்தின் பிள்ளைகளே. அவற்றைக் கற்றுக்கொடுத்துவிட்டு, அவை பிறந்து வளர்ந்த வீட்டை மாணவனுக்குக் காட்டாமல் விடுவது எவ்வகைக் கல்வி? நமக்கு இதிலே ஆற்றல் இல்லை என்றும் சொல்ல முடியாது. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிந்து ஒருங்கிணைக்க, இந்நாட்டுத் தொண்டர்கள் லங்கா மென்பொருள் மன்றத்தைச் சூழ நின்று சில நாட்களிலேயே ‘சஹானா’ என்னும் கட்டற்ற மென்பொருளை எழுதினார்கள். அது பின்னர் 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், 2010இல் ஹெயிட்டியிலும் பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுச் சமூகநலன் விருதையும் பெற்றது. பிணங்களை எண்ணிக்கொண்டிருந்த நாட்களில் உலகுக்கே உதவும் கருவியைச் செய்தளித்த நாடு, தன் பாடசாலை ஆய்வுகூடத்துக்கு எந்த முறைமை வேண்டும் என்று இன்னொருவன் குறிக்கும் திகதியைப் பார்த்துக்கொண்டிருப்பது வெட்கக்கேடு.

ஆதலின் ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே, நாம் வேண்டுவன இவை. பாடசாலைக் கணினி கூடத்தில் விண்டோஸ் 11ஐ ஏற்காத கணினிகளை எவரும் கழிவுப் பட்டியலில் சேர்க்குமுன், ஒன்றிலேனும் இரட்டை முறைமை நிறுவிக் காட்டுங்கள். பழைய மாணவர் சங்கங்கள் புதிய கணினிக்குப் பணம் திரட்டுமுன், இருக்கும் கணினிகளைக் கணக்கெடுக்கட்டும். வாசிகசாலையும் சனசமூக நிலையமும் மாதத்தில் ஒரு சனிக்கிழமையை இதற்கென ஒதுக்கட்டும். அயலவர் தத்தம் கணினியோடு வரட்டும். தெரிந்த பிள்ளை தெரியாத பெரியவருக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். அரச நிறுவனங்களின் கேள்விப்பத்திரங்களில் ‘விண்டோசுடன் கூடிய கணினி’ என்ற வாசகம் ஏன் எழுதப்படுகிறது என்று தொழிற்சங்கங்கள் கேள்வி எழுப்பட்டும். ஒரு முறைமையை நிறுவுவதால் உலகச் சந்தையின் ஏகபோகம் சரிந்துவிடாது. அப்படியொரு மாயையை நாம் விற்கவில்லை. ஆனால் தன் மேசைமேல் இருக்கும் இயந்திரத்துக்குத் தானே ஆணையிட்டுப் பார்த்த மாணவன், ‘இது மேலிடத்து முடிவு, மாற்ற முடியாது’ என்று எவரேனும் சொன்னால் அவ்வளவு எளிதில் நம்பமாட்டான். சாவியைச் செய்யும் வித்தை அவனுக்குத் தெரிந்துவிட்டது. அதை அவனுக்குக் கற்பிப்பதே இன்றைய ஆசிரியரின் கடமை.